பெரிய கேம்பஸா, சின்ன கேம்பஸா? கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறிப் போகும் மாணவருக்கு ஒரு வழிகாட்டி

கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்குப் பெயர் டிரான்ஸ்ஃபர். ஏப்ரல் முடிவதற்குள் யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) கேம்பஸ்களிலிருந்து அதன் முடிவுகள் வந்துவிடும். எங்கே சேரப்போகிறீர்கள் என்பதை வழக்கமாக ஜூன் 1-க்குள் சொல்லியாக வேண்டும். இடைப்பட்ட அந்த ஒரு மாதத்தில் பே ஏரியாத் தமிழ் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் மூன்று விஷயங்களைத் தாண்டாது: ரேங்க் என்ன, செலவு எவ்வளவு, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்ததா. அந்த இடத்தில் இரண்டே வருஷத்தில் நாலு நண்பர்கள் அமைவார்களா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "அதெல்லாம் போனா தானா கிடைக்கும்" என்று ஒரு சித்தப்பா முடித்துவிடுவார்.

முதலாண்டிலேயே சேர்கிறவர்களுக்கு அது ஓரளவு சரி. மூன்றாம் ஆண்டில் நுழைகிறவருக்குத் தானாக எதுவும் கிடைக்காது. முதல் பந்தி எழுந்த பிறகு கல்யாண மண்டபத்துக்குள் போகிற நிலைமை அது. இலை போடுவார்கள், சாப்பாடும் இருக்கும், ஆனால் யார் பக்கத்தில் யார் என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

யாரோடாவது சிநேகம் உண்டாக வேண்டுமென்றால் ஒரே முகம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட வேண்டும், அதுவும் போனில் நேரம் குறிக்காமல். ஒரு கேம்பஸின் அளவு உங்கள் வாழ்க்கையில் செய்கிற முக்கியமான வேலை, இப்படிப் படுகிற தடவைகளைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். அதை எப்படி உங்கள் பக்கம் திருப்புவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கலிஃபோர்னியாவிலிருந்து. டி ஆன்சா, ஃபுட்ஹில், டயப்லோ வேலி, ஓலோனி என்று எந்தக் கம்யூனிட்டி காலேஜிலிருந்து கிளம்பினாலும் பொருந்தும்.

படி 1: அளவை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

"பெரிய கேம்பஸ்" என்று சொல்லும்போது ஒருவர் நிலத்தைச் சொல்வார், இன்னொருவர் தலைக்கணக்கைச் சொல்வார். இரண்டும் வேறு.

யூசி டேவிஸ் சுமார் 5,300 ஏக்கர். யூசி கேம்பஸ்களிலேயே பரப்பில் பெரியது. ஆனால் அதில் பெரும்பகுதி வயலும் ஆராய்ச்சி நிலமும். வகுப்புகள் நடக்கும் மையப்பகுதி சைக்கிளில் பத்து நிமிஷத்தில் கடந்துவிடக்கூடியது. மறுபக்கம் லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ: 419 ஏக்கர், இளநிலைப் படிப்பு உள்ள ஒன்பது யூசி கேம்பஸ்களில் பரப்பில் மிகச் சிறியது, அதற்குள் 45,000-க்கு மேல் மாணவர்கள். ப்ரூயின் வாக்கில் பகல் நேரத்தில் நடந்தால் தேர்த் திருவிழாக் கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் நேற்றுப் பார்த்த முகத்தை இன்று மறுபடி பார்ப்பது அரிது. சான்ட்டா க்ரூஸ் இன்னொரு ரகம். சுமார் 2,000 ஏக்கர் ரெட்வுட் காடும் மலைச்சரிவும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக மரங்களுக்கு நடுவே மேடேற வேண்டும் அல்லது பஸ் பிடிக்க வேண்டும். மெர்சட் 2005-இல் திறந்தது, சுமார் 9,000 மாணவர்கள். அங்கே ஒரு செமஸ்டர் முடிவதற்குள் பாதி முகங்கள் பழகிவிடும்.

மூன்றாவது அளவுதான் முக்கியம், அதை யாரும் விளம்பரப் புத்தகத்தில் போடுவதில்லை: மாலை ஆறு மணிக்குப் பிறகு அங்கே எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள்? பகலில் நிரம்பி வழிந்து, ராத்திரி பார்க்கிங் கட்டடம் மட்டும் விளக்கெரிய நிற்கிற கேம்பஸ்கள் உண்டு. சிநேகம் பெரும்பாலும் மாலையில்தான் வளர்கிறது. பகலில் எல்லோரும் ஏதோ ஒரு வகுப்புக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் "காமன் டேட்டா செட்" என்ற ஓர் ஆவணத்தை வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் வந்துவிடும். அதில் 'டி' பிரிவில் அந்த ஆண்டு எத்தனை டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று இருக்கும். 'எஃப்' பிரிவில் கல்லூரி விடுதியில் தங்கியிருப்பவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று இரண்டு பத்தியாகப் போட்டிருப்பார்கள்: முதலாண்டு மாணவர்களுக்கு ஒன்று, மொத்த இளநிலை மாணவர்களுக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். முதல் எண் மிக அதிகமாகவும் இரண்டாவது மிகக் குறைவாகவும் இருந்தால், நீங்கள் போய்ச் சேரும்போது உங்கள் வயதுக்காரர்கள் எல்லாம் வெளியே அபார்ட்மென்டுகளில் சிதறியிருப்பார்கள். 'ஐ' பிரிவில் வகுப்புகளின் அளவு இருக்கும். இந்த மூன்று பக்கத்தைப் புரட்ட அரைமணி நேரம் போதும். ரேங்க் பட்டியலை ராத்திரி முழுக்கப் பார்ப்பதைவிட அது பிரயோஜனம்.

முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். ஆனால் கல்லூரியே ஏற்பாடு செய்கிற சனிக்கிழமைச் சுற்றுலாவில் கேம்பஸின் குணம் தெரியாது. வகுப்புகள் நடக்கிற வாரத்தில், ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணிக்குப் போங்கள். நூலகத்தில், சாப்பாட்டுக் கூடத்தில், புல்வெளியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். குழுவாக இருக்கிறார்களா, தனித்தனியாக ஹெட்போனோடு இருக்கிறார்களா என்பதையும் சேர்த்து.

பரப்பு சின்னது என்றாலே நெருக்கம் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பராக் ஒபாமா ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஆக்ஸிடென்டல் என்ற சின்னக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு 1981-இல் நியூயார்க்கின் கொலம்பியாவுக்கு மாறினார். கொலம்பியாவின் பிரதான வளாகம் வெறும் 36 ஏக்கர். ஆனால் அவர் தங்கியது வெளியே, அபார்ட்மென்டுகளில். அந்த நாட்களில் துறவிபோல நூலகமே கதியென்று கிடந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மதில் சுவருக்கு வெளியே ஒரு மாநகரம் இருந்தால், மாலையானதும் கூட்டம் அதற்குள் கரைந்துவிடும்.

படி 2: கையில் உள்ள காலத்தை எண்ணிக்கொள்ளுங்கள்

பெர்க்லியும் மெர்சடும் செமஸ்டர். மற்ற யூசி இளநிலைக் கேம்பஸ்கள் குவார்ட்டர். குவார்ட்டர் என்றால் பத்து வாரம் பாடம், அதன் பிறகு ஒரு வாரம் தேர்வு. இரண்டு வருஷத்துக்கு ஆறு குவார்ட்டர், ஆக அறுபது வாரப் பாடம். நாலாவது வாரத்திலேயே மிட்டெர்ம் வந்துவிடும். "முதல்ல படிப்பை செட்டில் பண்ணிக்கிறேன், அப்புறம் ஆட்களைப் பார்க்கலாம்" என்று நினைத்தால், தலை நிமிர்கையில் டிசம்பர் வந்திருக்கும். ஆறில் ஒன்று போச்சு.

அதனால் படிப்பும் பழக்கமும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும். முதல் குவார்ட்டரில் எடுக்கிற பாடங்களில் ஒன்றைக் கொஞ்சம் லேசானதாக வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் செய்கிற வழக்கமான காரியம், குறித்த காலத்தில் முடிக்கும் பதற்றத்தில் மூன்று கடினமான மேல்நிலைப் பாடங்களை முதல் குவார்ட்டரிலேயே அடைத்துக்கொள்வது. புது இடம், புது வேகம், மதிப்பெண்ணும் இறங்கும், மனசும் இறங்கும்.

படி 3: எங்கே தங்குவது

இந்த ஒரு முடிவு மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. கேம்பஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உங்களைப் பொறுத்தவரை அதன் அளவு உங்கள் கதவிலிருந்து மையப்பகுதி எவ்வளவு தூரம் என்பதுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு யாரோ "இங்கே வா, எல்லோரும் இருக்கிறோம்" என்று மெசேஜ் அனுப்பும்போது உங்களால் பத்து நிமிஷத்தில் போக முடியுமா? போக முடிந்தால் அடுத்த தடவையும் கூப்பிடுவார்கள். இரண்டு தடவை "இன்னிக்கு முடியாது" என்று சொன்னால் மூன்றாவது தடவை கூப்பிடுவதில்லை. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, மறந்துவிடுவார்கள்.

விடுதி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். யூசிஎல்ஏ 2022-இலிருந்து டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு இரண்டு வருஷ விடுதிக்கு உறுதி தருகிறது. மற்ற இடங்களில் விதிகள் வேறு, விண்ணப்பக் கெடுவும் வேறு. சேர்க்கையை உறுதி செய்த அன்றே அந்தக் கெடுவைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கென்றே ஒதுக்கிய தளமோ கட்டடமோ இருந்தால் அதைக் கேளுங்கள். பதினெட்டு வயதுக்காரர்கள் நடுவே இருபத்தொரு வயதில் போய் உட்கார்வதைவிட, தன்னைப் போலவே யாரையும் தெரியாமல் வந்த இருபது பேர் நடுவே இருப்பது நல்லது.

டேவிஸ் போன்ற ஊரில் வெளியே வீடு பார்க்கிறவர்களுக்கு ஒரு சிக்கல்: அங்கே அடுத்த ஆண்டுக்கான லீஸ் பேச்சு முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். உங்களுக்கு அனுமதி வருவதோ ஏப்ரலில். நல்ல இடங்கள் போயிருக்கும். மிச்சமிருப்பதில் வாடகையைவிட பஸ் தடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். யூனிட்ரான்ஸ் பஸ் எந்த நேரம் வரை ஓடுகிறது, வார இறுதியில் ஓடுகிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது வீட்டுக் கதை. ஃப்ரீமான்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள், பெர்க்லியில் இடம் கிடைத்திருக்கிறது, பார்ட் ரயிலில் ஆரஞ்சு லைன் ஏறினால் நேராக டவுன்டவுன் பெர்க்லி. எதற்கு அநாவசிய வாடகை? கேள்வி நியாயமானதுதான், பணமும் சின்னப் பணமில்லை. என் கட்சி இது: ஒரு வருஷத்து வாடகைக்குத்தான் வசதி என்றால், அந்த ஒரு வருஷம் முதல் வருஷமாக இருக்கட்டும். இரண்டாம் வருஷம் வீட்டிலிருந்து போய்வரலாம், அதற்குள் ஆட்கள் இருப்பார்கள், ஒரு ராத்திரி தங்க வேண்டுமென்றால் இடம் கிடைக்கும். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. "முதல் வருஷம் இங்கேயிருந்து போ, பிடிச்சா அடுத்த வருஷம் வீடு எடுத்துக்கோ" என்கிறார்கள். வீடு எடுத்துத் தங்குவதற்கு அடுத்த வருஷம் யாரோடு? அந்த யாரோ அமைவதற்குத்தானே முதல் வருஷம்.

படி 4: பெரிய கேம்பஸைச் சுருக்குங்கள்

நாற்பதாயிரம் பேர் உள்ள இடத்தில் நாற்பதாயிரம் பேரோடு பழகப் போவதில்லை. முப்பது நாற்பது பேர் உள்ள ஒரு சின்ன ஊரை அதற்குள் நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். சுலபமான வழி, ஒரே இடம், ஒரே நேரம். செவ்வாய், வியாழன் பதினொரு மணி வகுப்பு முடிந்ததும் தினம் ஒரு புது இடத்தில் சாப்பிடாமல், ஒரே இடத்தில் ஒரே மூலையில் உட்காருங்கள். டேவிஸில் மாணவர்களே நடத்துகிற காஃபி ஹவுஸ் அதற்கு வாகானது. அதே நேரத்துக்கு வருகிறவர்கள் அங்கே எப்போதும் உண்டு. மூன்றாவது வாரத்தில் தலையசைப்பார்கள், ஐந்தாவது வாரத்தில் "இந்த நாற்காலி காலியா" என்று கேட்பார்கள்.

வகுப்புகளில், முந்நூறு பேர் விரிவுரையில் சிநேகம் தேடாதீர்கள். அதோடு சேர்ந்து வருகிற டிஸ்கஷன் செக்‌ஷன், லேப் இவற்றில் இருபது முப்பது பேர்தான். அங்கே முதல் வாரமே பக்கத்தில் இருப்பவர் பெயரைக் கேட்டு, போன் எண்ணையும் வாங்கிவிடுங்கள். முதல் வாரத்தில் பெயர் கேட்பது இயல்பு, ஏழாவது வாரத்தில் கேட்பது சங்கடம். உங்கள் மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) தொடர்ச்சியாக வருகிற பாடங்கள் இருந்தால், இந்தக் குவார்ட்டரில் பழகியவரிடம் "அடுத்ததுல எந்த செக்‌ஷன் எடுக்கப் போறே" என்று கேட்டு அதையே எடுங்கள். ஒரே முகத்தை இருபது வாரம் பார்க்கிற வாய்ப்பு பெரிய கேம்பஸில் வேறெப்படியும் அமையாது.

பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்குகிற ஆபீஸ் ஹவர்ஸ் பற்றி எல்லோரும் சொல்வது மதிப்பெண்ணுக்காக. நான் சொல்வது வரிசைக்காக. பேராசிரியர் அறைக்கு வெளியே ஒரே கணக்கோடு முழித்துக்கொண்டு நிற்கிற நாலு பேர்தான் உங்கள் படிப்புக் குழு.

மொழி வகுப்பு எடுக்க இடமிருந்தால் எடுங்கள். ஆட்கள் குறைவு, வாரத்தில் பல நாள் கூடும், ஒருவரோடொருவர் பேசியே தீர வேண்டும். பெர்க்லியில் தமிழ் வகுப்பே உண்டு. அங்கே தமிழுக்கென்று ஒரு பேராசிரியர் இருக்கை அமைந்ததும், ஜார்ஜ் ஹார்ட் நெடுங்காலம் கற்பித்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் பேசிப் பழகி எழுதத் தெரியாமல் வளர்ந்தவர்களுக்கு அந்த வகுப்பில் மொழியும் கிடைக்கும், கூட்டாளிகளும் கிடைப்பார்கள்.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விட ஒரு படி மேல், கேம்பஸுக்குள்ளேயே ஒரு பகுதிநேர வேலை. டேவிஸின் யூனிட்ரான்ஸ் 1968-இல் லண்டன் இரட்டைமாடி பஸ்களோடு தொடங்கியது. இன்றும் பஸ்ஸை ஓட்டுவது மாணவர்கள்தான். பயிற்சி கொடுத்து, உரிமம் எடுக்க வைத்து, சம்பளமும் கொடுக்கிறார்கள். இதுபோல நூலகம், உடற்பயிற்சிக் கூடம், சாப்பாட்டுக் கூடம் என்று எல்லா இடத்திலும் மாணவர் வேலைகள் உண்டு. ஷிஃப்ட் என்று ஒன்று வந்துவிட்டால், அதே ஆட்கள், அதே நேரம், சேர்ந்து அலுத்துக்கொள்ள ஒரு மேலதிகாரி! சிநேகத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களும் வகுப்புகள் நடக்கும் காலத்தில் கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். கல்லூரி மாறியதும் ஐ-20 படிவம், செவிஸ் என்ற அரசாங்க மாணவர் பதிவு இரண்டும் முறையாக மாறியிருக்கிறதா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையில் சேருங்கள்.

சான்ட்டா க்ரூஸிலும் சான் டியேகோவிலும் கல்லூரியே இந்தச் சுருக்கும் வேலையில் பாதியைச் செய்து வைத்திருக்கிறது. முன்னதில் பத்து, பின்னதில் எட்டு என்று உள்கல்லூரிகளாகப் பிரித்து, ஒவ்வொரு மாணவரையும் ஒன்றில் சேர்க்கிறார்கள், டிரான்ஸ்ஃபர் மாணவர்களையும்தான். வெளியே தங்குகிறவர்கள் தங்கள் உள்கல்லூரியின் பெயரைப் படிவத்தில் எழுதுவதோடு விட்டுவிடுகிறார்கள். அதன் நிகழ்ச்சிகளுக்கு நீங்கள் போகலாம், உங்களுக்கும் அதில் உரிமை உண்டு.

படி 5: கிளப்

முதல் மூன்று வாரத்தில்தான் கதவு அகலத் திறந்திருக்கும். பெர்க்லியில் ஸ்ப்ரவுல் பிளாசாவில் மேஜை போட்டு, துண்டுக் காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். எல்லாவற்றிலும் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு எதற்கும் போகாமல் இருப்பதுதான் பலர் செய்வது. இரண்டு மட்டும் போதும். ஒன்று உங்கள் மேஜரைச் சேர்ந்தது. இன்னொன்று வேலைக்கோ ரெஸ்யூமேவுக்கோ எந்த விதத்திலும் உதவாதது: மலையேற்றம், கேரம், நாடகம், எதுவானாலும்.

பெரிய கேம்பஸ்களில் சில கிளப்களுக்கு விண்ணப்பம், நேர்முகம், ஆடிஷன் எல்லாம் உண்டு. கன்சல்டிங் கிளப்கள், போட்டி நடனக் குழுக்கள் அந்த வகை. "எங்களோடு இரண்டு வருஷமாவது இருப்பாயா" என்று பார்ப்பார்கள், டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு அதிலேயே பின்னடைவு. எடுக்கவில்லை என்றால் உங்கள் மேல் குறை இல்லை, கணக்கு அப்படி. விண்ணப்பமே கேட்காத, வாரம் ஒருமுறை கட்டாயம் கூடுகிற ஒன்றைத் தேடுங்கள். மாதம் ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்துகிற கிளப்பில் முந்நூறு பேரைப் பார்க்கலாம், ஒருவரையும் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே போவதென்றால் நிகழ்ச்சியை ஒழுங்கு செய்கிற குழுவில் சேருங்கள். டேவிஸில் 1909-இல் தொடங்கி, இப்போது ஏப்ரல் மாதம் நடக்கிற பிக்னிக் டே மாணவர்களே நடத்துவது, அதற்கு நிறையக் கை வேண்டும். தீபாவளி நிகழ்ச்சியானாலும் பார்வையாளராகப் போவதைவிட நாற்காலி அடுக்கப் போவது மேல்.

நம்மவர்கள் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கேம்பஸில் தமிழ் பேசுகிறவர்களின் ஒரு வாட்ஸ்ஆப் குழு எப்படியும் இருக்கும். சேருங்கள். நல்ல ரசம் யார் வீட்டில் என்பது அங்கேதான் தெரியும். முதல் மாதத்தில் அந்தக் குழுவோடு மட்டும் நின்றுவிட்டால், முதுநிலை படிக்க இந்தியாவிலிருந்து வந்தவர்களோடுதான் பெரும்பாலும் இருப்பீர்கள். நல்ல துணைதான், ஆனால் அவர்கள் வகுப்பும் வேறு, கவலையும் வேறு.

படி 6: சின்னக் கல்லூரியா? அங்கே கதை வேறு

ஆக்ஸிடென்டல் போன்ற இடத்தில் மொத்தமே சுமார் 2,000 மாணவர்கள். இங்கே முகங்கள் திரும்பத் திரும்பப் படுவதில் பிரச்சினையே இல்லை. வேண்டாதவர் முகமும் தினம் மூன்று வேளை படும். தடை வேறிடத்தில்: மூன்றாம் ஆண்டில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், உங்களைத் தவிர. யார் யாரோடு சண்டை, யார் யாரை விட்டுப் பிரிந்தார் என்ற பழங்கதை புரியாமல் மேஜையில் உட்கார்ந்திருப்பீர்கள்.

இன்னொன்று பலர் எதிர்பார்ப்பதில்லை. இந்த வகைக் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டில்தான் நிறையப் பேர் ஒரு செமஸ்டர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போவார்கள். நீங்கள் உள்ளே வருகிற நேரம் உங்கள் வகுப்பில் ஒரு பகுதி ஊரில் இருக்காது. அதனால் இரண்டாம் ஆண்டு மாணவர்களோடு பழகுங்கள். அவர்களுடைய வட்டங்கள் இன்னும் இறுகவில்லை, நீங்கள் முடிக்கும் வரை கூடவும் இருப்பார்கள். வயது வித்தியாசம் ஒன்றிரண்டு வருஷம்தான்.

சாப்பாட்டுக் கூடம்தான் இங்கே ஊர்ப் பொதுத்திண்ணை. உணவை டப்பாவில் எடுத்துக்கொண்டு அறைக்குப் போகிற பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். பேராசிரியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், சிலர் வீட்டுக்கே சாப்பிட அழைப்பார்கள். கூச்சப்படாமல் போங்கள். அவர்கள் "இவரையும் உங்கள் ப்ராஜெக்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால், பெரிய கேம்பஸில் ஒரு குவார்ட்டரில் நடப்பது இங்கே ஒரு மதியத்தில் நடந்துவிடும்.

சண்டை போடுவதற்கு மட்டும் சின்னக் கல்லூரி ஏற்ற இடமில்லை. ரூம்மேட்டோடு பெர்க்லியில் மனஸ்தாபம் வந்தால் வேறு வீட்டுக்குப் போய்விடலாம், அப்புறம் பார்க்கவே வேண்டியதில்லை. இங்கே அடுத்த வகுப்பில் எதிர் நாற்காலியில் இருப்பார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் உள்ள கிளேர்மான்ட். பொமோனா, ஸ்க்ரிப்ஸ், கிளேர்மான்ட் மெக்கென்னா, ஹார்வி மட், பிட்ஸர் என்று ஐந்து இளநிலைக் கல்லூரிகள் சுமார் ஒரு சதுர மைலுக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றில் படிப்பவர் மற்றதில் வகுப்பு எடுக்கலாம், எந்தச் சாப்பாட்டுக் கூடத்திலும் உட்காரலாம். சொந்தக் கல்லூரியில் வட்டம் இறுகியிருந்தால் நாலு நிமிஷம் நடந்து பக்கத்துக் கல்லூரிக்குப் போகலாம். டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு இதைவிட வாகான அமைப்பு அந்தப் பக்கத்தில் இல்லை என்பது என் எண்ணம். இடம் கிடைப்பது கடினம், அது வேறு விஷயம்.

படி 7: தினம் போய்வருகிறவர்களுக்கு

சான் ஹோசே ஸ்டேட் மாதிரி, நிறையப் பேர் வீட்டிலிருந்து வந்துபோகிற கேம்பஸ் என்றால், உங்கள் நேரஅட்டவணைதான் உங்கள் சமூக வாழ்க்கை. எல்லா வகுப்பையும் செவ்வாய், வியாழனில் அடைத்து, மற்ற நாள் வீட்டிலேயே இருக்கலாம் என்று தோன்றும். பெட்ரோலும் பார்க்கிங்கும் மிச்சம்தான். ஆனால் அந்த இரண்டு நாளும் வகுப்பு விட்டு வகுப்பு ஓடுவீர்கள், யாரோடும் உட்கார நேரமிராது. நாலு நாளாகப் பிரித்து, நடுவே ஒன்றரை மணி இடைவெளி இரண்டாவது விட்டுவையுங்கள். அந்த இடைவெளியைக் காரில் தூங்கிக் கழிக்காதீர்கள்.

வாரத்தில் இரண்டு மாலை கேம்பஸில் தங்குவது என்று முடிவு செய்து, அதை வீட்டிலும் சொல்லிவிடுங்கள். சான் ஹோசேயில் நகராட்சியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகிற மார்ட்டின் லூதர் கிங் நூலகம் படிப்புக் குழுவுக்கு நல்ல இடம். ரயிலில் போகிறவர்கள் கடைசி ரயில் நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் ஏழு மணிக்கே பதறி ஓட வேண்டாம். அம்மாவிடம் "நைட் சாப்பாடு எனக்கு வேணாம், செவ்வாயும் வியாழனும்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டால் போன் அடித்துக்கொண்டே இருக்காது.

படி 8: ஜனவரி வந்தும் யாரும் அமையவில்லை என்றால்

இது நடக்கும். சேர்ந்த முதல் குளிர்காலம் பலருக்கும் கடினமாகத்தான் இருக்கிறது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, அங்கே தனக்காகக் காத்திருப்பவர் யாருமில்லை என்பது உறைக்கும். அப்போது உங்களையே குறைசொல்லிக்கொள்வதற்கு முன், எது உங்களைத் தடுக்கிறது என்று பாருங்கள். தினம் ஆட்களைப் பார்க்கிறீர்கள், ஆனால் வெவ்வேறு ஆட்கள் என்றால் படி 4-க்குத் திரும்புங்கள். ஒரே ஆட்களைத்தான் பார்க்கிறீர்கள், ஆனால் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்றால் இளைய வகுப்போடு முயலுங்கள். பார்ப்பதே இல்லை என்றால் வீடும் அட்டவணையும்தான் காரணம், குவார்ட்டர் மாறுகிற இந்த நேரம் அட்டவணையை மாற்ற வசதியானது.

டிரான்ஸ்ஃபர் மாணவர் மையம் என்று பல கேம்பஸ்களில் ஒரு அறை இருக்கும், பெர்க்லியிலும் உண்டு. செப்டம்பரில் ஓரியன்டேஷனுக்குப் போய்விட்டு அதோடு மறந்திருப்பீர்கள். ஜனவரியில் போங்கள். உங்களைப் போலவே வந்து நிற்கிற இன்னும் சிலரை அங்கே பார்க்கலாம். தூக்கம் கெட்டு, வகுப்புக்குப் போகவே பிடிக்காத அளவுக்கு வந்துவிட்டால் கேம்பஸ் கவுன்சலிங்கில் நேரம் வாங்குங்கள். நீங்கள் கட்டும் கட்டணத்தில் அதற்கும் பங்கு உண்டு, வீட்டுக்குத் தெரிவிக்க மாட்டார்கள்.

பெற்றோர் இதைப் படிக்கிறீர்கள் என்றால்: வாரக் கடைசியில் "வீட்டுக்கு வா" என்று ஒவ்வொரு வெள்ளியும் கூப்பிடாதீர்கள். மாதம் ஒருமுறை வரட்டும். சாம்பார் பொடியை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், இரண்டு பேருக்குச் சேர்த்து.

படி 9: இரண்டாம் வருஷத்து வீடு

குளிர்காலத்தில் லீஸ் பேச்சு மறுபடி தொடங்கும். இந்தத் தடவை நீங்களும் நேரத்துக்கு இருக்கிறீர்கள். யாரோடு சேர்ந்து வீடு எடுப்பது என்று கேட்க இரண்டு மூன்று பேர் இருந்தால் போதும், நெருங்கிய சிநேகிதராக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு முன்பே பட்டம் முடித்துப் போகிறவரா, வெளியூரில் இன்டர்ன்ஷிப் உள்ளவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் அறையை வேறொருவருக்கு விட லீஸ் அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள்.

டேவிஸ்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று. அங்கே பல அபார்ட்மென்ட் லீஸ்கள் ஆகஸ்ட் கடைசியில் முடிந்து, புதியவை செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். நடுவே ஓர் இரவு, ஊரில் பாதிப் பேருக்கு வீடு கிடையாது. சாமான் எல்லாம் காரில் இருக்கும், வெயில் கொளுத்தும். லீஸைப் புதுப்பித்துக்கொண்டு அதே வீட்டில் இருக்கிறவர் யார் என்று ஜூலையிலேயே விசாரித்து, அவர் வீட்டு சோபாவைச் சொல்லி வையுங்கள்.